கரையோர லைன் வேலைக்காரர் ஒன்ராறியோவுக்கு வந்தால்: மின்கம்பப் போஸ்டில் ஏறுமுன்

அக்கரைப்பற்றுத் தம்பி:
கனடா ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம். ஊரில் 33 ஆயிரம் வோல்ட் லைனிலும் வீட்டு லைனிலும் வேலை. இங்கே ஒரு கொன்றாக்டரிடம் தரைவேலைக்கு (போஸ்டில் ஏறாமல் கீழே நின்று உதவுவது) வரச் சொல்கிறார்கள். பாதுகாப்பில் என்ன வித்தியாசம், என்ன பேப்பர் வேணும்? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

கல்லடிக் கம்பி:
தம்பி, “கறண்ட் கட் பண்ணியாச்சு” என்ற பேச்சை முதலில் மறங்க. இங்கே கட் பண்ணினது பாதி வேலைதான். சுவிட்சைத் திறந்து, “தொடாதே” என்ற டேக் போட்டு, சோதித்து, எர்த் பண்ணும்வரை (கம்பியை நிலத்தோடு இணைக்கும்வரை) அது உயிர்க்கம்பி. ஊரிலும் விதி இதேதான். மாரியில் லைன் விழுந்து சனம் காத்துக்கொண்டிருக்கும்போதுதான் விதி சுருங்கிப்போகும்.

சோதிப்பது மூன்று தொடுகை. கருவியை முதலில் உயிருள்ள இடத்தில் அல்லது அதற்குரிய செக்கரில் வைத்துக் கத்துகிறதா என்று பாருங்க. பிறகு வேலைக்கம்பியில். பிறகு திரும்பவும் முதல் இடத்தில். கடைசித் தொடுகையை விடுகிற ஆட்கள்தான் அதிகம். இடையில் பட்டரி போயிருந்தால், செத்த கருவியும் செத்த கம்பியும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

எர்த் கிளாம்பில் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் எர்த் பக்கம் அல்லது நியூட்ரல் (கறண்ட் திரும்பிப் போகும் கம்பி), பிறகுதான் ஹொட் ஸ்டிக்கால் (கறண்ட் கடத்தாத நீளத் தடி) லைன் பக்கம். கழற்றும்போது லைன் முதல், எர்த் கடைசி. மாற்றிச் செய்தால் லைனில் மாட்டிய கிளாம்பின் மறுமுனை உங்கள் கையில் இருக்கும். லைனில் என்ன வோல்ட் வந்தாலும் அது உங்கள் வழியாகத்தான் நிலத்துக்குப் போகும். அலுமினியக் கம்பியில் கிளாம்ப் போடுமுன் வயர் பிரஷால் தேய்க்கவேணும். மேலே படிந்த ஒக்சைட் படலம் கறண்டைத் தடுக்கும். லைனில் கோளாறாகிப் பெரிய கறண்ட் பாயும்போது கிளாம்ப் சூடாகிக் கழன்றே போகலாம்.

எங்கே போடுகிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். இரண்டு போஸ்ட் தள்ளிப் போட்ட எர்த் பியூஸைப் போக்கும், ஆளைக் காப்பாற்றாது. வேலை செய்கிற போஸ்டிலேயே, ஏறி நிற்பவரின் காலுக்குக் கீழே ஒரு உலோகப் பட்டையைக் கட்டி, மூன்று பேஸ் கம்பியையும் நியூட்ரலையும் அதோடு சேர்ப்பார்கள். அப்போதுதான் கையும் காலும் ஒரே வோல்ட்டில் இருக்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஜெனரேட்டர். புயல் கழிந்த அன்று கல்முனையில் ஒரு கடைக்காரர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வீட்டை வெளி லைனிலிருந்து பிரிப்பது) இல்லாமல் ஜெனரேட்டரை வயரிங்கில் கொழுவினால் என்ன நடக்குமோ, அதேதான் இங்கே ஐஸ் மழை அன்றும் நடக்கும். இங்குள்ள வீட்டு ட்ரான்ஸ்போமர் 8,000 வோல்ட்டை 240 ஆக இறக்கும், அதாவது 33 மடங்கு. வீட்டுப் பக்கமிருந்து 240 போனால் மேலே 8,000 ஆக ஏறும். நீங்கள் திறந்த சுவிட்ச் அந்தப் பக்கத்தில் இல்லை.

அக்கரைப்பற்றுத் தம்பி:
நன்றி அண்ணா. நியூட்ரல் பற்றிக் கேட்கவேணும். ஊரில் 33 ஆயிரத்தில் மூன்று கம்பிதானே, இங்கே மேல் லைனோடும் நியூட்ரல் ஓடுதே?

கல்லடிக் கம்பி:
நல்ல கேள்வி. புதிதாக வருகிறவர் வழுக்கும் இடமும் இதுதான். இங்கே நியூட்ரல் போஸ்டுக்குப் போஸ்ட் சேர்ந்து வரும், இடைக்கிடை எர்த் பண்ணியிருக்கும். சும்மா தொங்கும்போது அமைதியானது. லோட் ஓடும்போது அதை வெட்டினாலோ, ஜோயின்டைக் கழற்றினாலோ, வெட்டிய இரண்டு முனைக்கும் இடையில் லைன் வோல்ட் முழுதும் நிற்கலாம். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்தவர் அந்த இடைவெளியைத் தன் நெஞ்சால் மூடுகிறார். முதலில் ஜம்பர் (வெட்டும் இடத்தைத் தாண்டி இணைக்கும் கம்பி) போட்டு, பிறகே வெட்டவேணும். வோல்ட்டும் வேறு: வீட்டில் 120/240, 60 ஹேர்ட்ஸ். மேல் லைனில் 13,800, 27,600 எல்லாம் காண்பீர்கள்.

ஆரையம்பதி மச்சான்:
கையுறை பற்றி நான் சொல்கிறேன். ரப்பர் கையுறையில் லேபிள் நிறமே வகுப்பைச் சொல்லும்: சிவப்பு 1,000 வோல்ட் வரை, வெள்ளை 7,500, மஞ்சள் 17,000, பச்சை 26,500, ஓரேஞ்ச் 36,000. எந்த லைனுக்கு எது என்று கம்பனி விதி சொல்லும். நிறத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுக்காதீங்க. லேபிளில் சோதனைத் திகதி இருக்கும். தவணை தாண்டியிருந்தால் புதுசுபோல மினுங்கினாலும் திருப்பிக் கொடுங்க.

ஒவ்வொரு நாளும் போடுமுன்: மணிக்கட்டு வாயை விரித்துக் காற்றைப் பிடித்து, விரல் பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போங்க. உள்ளங்கை பலூன்போல உப்பும். கன்னத்தருகே வைத்தால் ஊசித்துளை இருந்தால் காற்று படும், காதருகே சீறும். விரல் சந்துகளை விரித்துப் பாருங்க, வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பிறகு உள்ளே வெளியே புரட்டி இன்னொரு தடவை. கிரீஸ், பெற்றோல், பெற்றோலியம் கலந்த கை கிரீம் ரப்பரை வீங்கச் செய்யும். குளிருக்கு வசலின் பூசுகிற பழக்கம் இங்கே எல்லாருக்கும் தொற்றிவிடும்; வேலை நாளில் வேண்டாம். மேலே தோல் உறை கட்டாயம், ஆனால் தோல் ரப்பரின் வாய்வரை வரக்கூடாது. மஞ்சளுக்கு இரண்டு அங்குலம் ரப்பர் வெளியே தெரியவேணும். தோல் ஈரத்தில் கறண்டைக் கடத்தும். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும், பையில் விரல் மேலே பார்க்கத் தொங்கவிடுங்க.

இன்னொன்று, போஸ்ட். ஊரில் கொங்கிரீட் போஸ்டில் ஏணி வைத்த கை, இங்கே மரப் போஸ்டில் காலில் கொக்கி கட்டி ஏறவேணும். ஏறுமுன் சுத்தியலால் சுற்றித் தட்டிக்கொண்டு மேலே போங்க. நல்ல மரம் கணீர் என்னும், உளுத்தது தொப்பென்று வாங்கும். நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே தோண்டிக் கூர்க்கம்பியால் குத்திப் பார்க்கவும், ஈரமும் காற்றும் சேர்கிற அந்த இடத்தில்தான் உளுப்பு ஆழம். போஸ்டைச் சுற்றி இறுக்கும் பெல்ட் இல்லாமல் ஏறாதீங்க.

கல்லடிக் கம்பி:
பேப்பர் விஷயம். தொழிலின் பெயர் பவர்லைன் டெக்னீசியன், எண் 434ஏ. அப்ரன்டிஸாக (வேலை பழகுபவராக) போனால் ஏறக்குறைய 8,000 மணித்தியாலம். ஊர் அனுபவத்தைக் காட்டி, ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவிடம் (தொழில் சான்றிதழ் கொடுக்கும் மாகாண அமைப்பு) தகுதி மதிப்பீடு கேட்கலாம். அது ஏற்கப்பட்டால் சோதனை, 70 வீதம் எடுக்கவேணும். பழைய அலுவலகக் கடிதத்தில் “லைன்மேனாக வேலை செய்தார்” என்று மட்டும் இருந்தால் உதவாது. எத்தனை மணித்தியாலம், எந்த வோல்ட், எந்த வேலை (கம்பி இழுப்பு, ட்ரான்ஸ்போமர், பியூஸ், எர்த்) என்று எழுதி வாங்குங்க. ஊரில் ஆள் இருக்கும்போதே வாங்கினால் பாதித் தலையிடி போகும். லொறிக்கு டி வகுப்போடு எயார் பிரேக்குக்கான இசட் லைசன்ஸ் வேணும். உயரவேலைப் பயிற்சிச் சான்று மூன்று வருடத்துக்குத்தான் செல்லும்.

தரைவேலைக்குப் போகிறவருக்கு ஒரு எண்: 750 முதல் 150,000 வோல்ட் வரையான லைனுக்கு மூன்று மீற்றருக்குள் நீங்களும் கிரேனும் போகக்கூடாது. லொறி லைனில் பட்டால் உள்ளேயே இருங்க. தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் உரசி உரசி பத்து மீற்றர் விலகுங்க. எட்டி வைத்த இரண்டு காலுக்கும் இடையில் வோல்ட் வித்தியாசம் ஏறும்.

அபாயமான வேலையை மறுக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. சூப்பவைசரிடம் காரணத்தோடு சொல்லுங்க. அவர் தொழிலாளர் பிரதிநிதி முன்னிலையில் பார்க்கவேணும், தீராவிட்டால் இன்ஸ்பெக்டர் வருவார். “வெட்கமாயிருக்கு” என்று வாயை மூடுவது நம்மட ஆட்களின் வழக்கம்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
குளிருக்கு உள்ளாடை வாங்கப் போறேன், எதுவும் பார்க்கணுமா?

ஆரையம்பதி மச்சான்:
லேபிளைப் பாருங்க. பொலியெஸ்டர், நைலோன் என்று இருந்தால் லைன் வேலைக்கு வேண்டாம். ஆர்க் (மின்பொறி வெடிப்பு) அடித்தால் உருகித் தோலோடு ஒட்டும், கழற்றவே முடியாது. பருத்தி அல்லது கம்பளி, அதற்கு மேலே கம்பனி தரும் தீப்பிடிக்காத உடுப்பு.