டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் மூடுபனி மலைத்தொடரில் உங்களை விடாத இடம் எது?

ஈசூன் தம்பி:
தெக்கோங் தீவில் தேசிய ராணுவச் சேவை, முதல் வாரம். படுக்கையில் டார்ச் வெளிச்சத்தில் மலைக்கடியில் இருக்கும் மோரியாவின் வாசல் வரை வந்துவிட்டேன். மந்திரவாதி கேண்டால்ஃப் மட்டக்குதிரை பில்லின் தலையில் கைவைத்து ஏதோ மெதுவாகச் சொல்வாரே, அந்த இடம். அப்புறம் ஏரிக்குள்ளிருந்து ஒரு பூதம் கையை நீட்ட, பில் மிரண்டு இருட்டுக்குள் ஓடிவிடுகிறது. அதை வளர்த்த சாம் பின்னால் பாய்ந்து, நண்பன் ஃபுரோடோவின் அலறல் கேட்டு அழுதுகொண்டே திரும்பி வருகிறான். அந்த வாரம்தான் அப்பா என்னைத் தீவில் விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மூடிய புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை.

தெம்பனீஸ் அக்கா:
எனக்கு கராத்ரஸ் மலைக் கணவாய். 2001இல் படம் வந்தபோது, பனியையே பார்த்திராத நானும் தங்கையும் திரையரங்குக் குளிரில் ஒரே துப்பட்டாவுக்குள். கெட்ட மந்திரவாதி சாருமானின் மந்திரக்குரல் கேட்கிறது, பனி சரிந்து எல்லாரையும் மூடுகிறது. ஒவ்வொரு தலையாக வெளியே வரும்வரை தங்கை என் கையை விடவில்லை.

உட்லண்ட்ஸ்காரன்:
அக்கா, சாருமான் செய்வது படத்தில்தான். இருளின் தலைவன் சவுரோன் பேரே அந்தப் பக்கம் எட்டாத காலத்திலேயே கராத்ரஸைக் கொடியது என்பார்கள் என்று நாவலில் குள்ளர் இனத்துக் கிம்லி சொல்கிறான். கோபம் மலையுடையது. அதைச் சாருமானுக்குக் கொடுத்துவிட்டால் மலை வெறும் கல். மலேசியாவின் கினபாலு மலையில், இரவு தங்கும் பனலாபான் வரை ஏறினேன். பின்னிரவில் மழை வலுத்ததும் வழிகாட்டி போதும் என்றுவிட்டார். 4,095 மீட்டர் உச்சி தலைக்கு மேலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. கிம்லி சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது.

தம்பி, நீங்கள் புத்தகத்தை அங்கே நிறுத்தியது தப்பு. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். மோரியாவுக்கு மேலே மூன்று சிகரங்கள்: கராத்ரஸ், கெலெப்டில், ஃபனுயிடோல். டோல்கீன் 1911இல் சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தவர். அங்கே பார்த்த சில்பர்ஹார்ன்தான் அவருக்குக் கெலெப்டில். அதன் படத்தையும் தேடிப் பாருங்கள். கணவாய்க்கு முன்னால் கூடப் போகும் வீரன் போரோமிர் ஆளுக்கொரு கட்டு விறகு எடுக்கச் சொல்வதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அந்த விறகுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. மழை விட்ட காலையில் நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றும் ஏறுங்கள். 163 மீட்டர்தான், ஆனாலும் ஏறுங்கள்.

தெம்பனீஸ் அக்கா:
சரி, கோபம் மலையுடையதாகவே இருக்கட்டும். என் தங்கை பயந்தது அந்தக் குரலுக்கு. தம்பி, பில் சாகவில்லை. தனியாகவே பிரீ ஊருக்குத் திரும்பிவிடும். கடைசியில் சாம் அதைப் பார்ப்பான்.

ஈசூன் தம்பி:
இது எனக்குத் தெரியாது அக்கா. இன்றிரவு எடுக்கிறேன்.