சைட்மவுண்ட் டெக் டைவிங்: அலுமினியம் 80 போதுமா, ஸ்டீல் 12 லிட்டர் வாங்கலாமா?

கோத்தகிரி_முக்குளிப்பான்

வணக்கங்க. டெக் சைட்மவுண்ட் (சிலிண்டரை முதுகுல இல்லாம உடம்போட ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு ஆழத்துல முக்குளிக்கிறது) கோர்ஸ் சேரப் போறேன். முதல்ல புதுச்சேரி, அப்புறம் அந்தமான். திட்டம்: 40 மீட்டர் ஆழம், இறங்கும் நேரத்தையும் சேர்த்து 25 நிமிஷம், பிறகு டீகோ (உடம்புல கரைஞ்ச வாயு வெளியேற, மேலே வர்ற வழியில நின்னு நின்னு ஏறுறது). மேல்மட்டத்துல என் காற்றுச் செலவு நிமிஷத்துக்கு 18 லிட்டர். 3 மி.மீ. சூட், உயரம் 165 செ.மீ. ஸ்டீல் 12 லிட்டர் (232 பார்) ஒரு ஜோடி சொந்தமா வாங்கி வீட்டுல வச்சுக்கலாமா? அங்கே வாடகைக்குக் கிடைக்கிற அலுமினியம் 80 போதுமா?

குன்னூர்_டீகோ

முதல்ல கணக்கு, அப்புறம் சிலிண்டர். அலுமினியம் 80 உள்ளே 11.1 லிட்டர் கொள்ளும். 200 பாருக்கு நிரப்பினா ஒண்ணுல 2,220, ஜோடியில 4,440 லிட்டர்.

40 மீட்டர்ல அழுத்தம் 5 பார். 18 × 5 = நிமிஷத்துக்கு 90 லிட்டர். 25 நிமிஷத்துக்கு 2,250.

அடுத்தது ஆபத்துக் கையிருப்பு. கூட்டாளிக்குக் காத்துப் போய் ரெண்டு பேரும் உங்க காத்துல ஏறணும்னு வைங்க. பதற்றத்துல ஆளுக்கு 30 லிட்டர்னு போடுங்க. அடியில 1 நிமிஷம்: 2 × 30 × 5 = 300. அங்கிருந்து 21 மீட்டருக்கு ஏறி டீகோ கேஸுக்கு மாத்த 3 நிமிஷம், சராசரி அழுத்தம் 4.05 பார்: சுமார் 730. ஆக 1,030 லிட்டர்.

2,250 + 1,030 = 3,280. உங்ககிட்ட இருக்கறது 4,440. தாராளம்.

இப்ப ஸ்டீல் 12. அதோட பலமே 232 பார்தான். நிரப்புற இடத்துல 200-லயே நிறுத்திட்டா 2,400 லிட்டர். அலுமினியத்தை விட ஒண்ணுக்கு 180, ஜோடிக்கு 360 லிட்டர்தான் கூட. 40 மீட்டர்ல அது 4 நிமிஷம். அந்த 4 நிமிஷத்துக்காக ஒரு ஜோடி சொந்தமா வாங்குறதுல அர்த்தம் இல்லைங்க.

அடியில சுவாசிக்க 28 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காத்து) கேளுங்க. 40 மீட்டர்ல ஆக்சிஜன் அழுத்தம் சரியா 1.4 பார்.

கூடலூர்_வால்வு

குன்னூர் அண்ணன் கணக்கு சரி. ஆனா அது ரெட்டை சிலிண்டரை ஒண்ணா இணைச்ச ஆளுக்கு அப்படியே பொருந்தும். சைட்மவுண்ட்ல ரெண்டும் தனித்தனி, ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுக்கு வராது. அதனால எவ்வளவு இருக்குங்கறதோட எங்கே இருக்குங்கறதும் முக்கியம்.

25-ஆவது நிமிஷத்துல மிச்சம் 2,190 லிட்டர். சமமா குடிச்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் சுமார் 98 பார். ஒண்ணு செத்தாலும் மத்ததுல 1,090 லிட்டர் இருக்கும். அதே மிச்சம் ஒண்ணுல 40, இன்னொண்ணுல 157-ன்னு இருந்து, 157 இருக்கறது போச்சுன்னா? கையில 444 லிட்டர். தனியா 21 மீட்டருக்குப் போகவே, பதற்றக் கணக்குல 515 வேணும். அதனால 30 பார் குறைஞ்சதும் மத்த சிலிண்டரோட ரெகுலேட்டருக்கு (மூச்சு இழுக்கிற கருவி) மாத்திடுங்க. பெரிய சிலிண்டர் வாங்கினாலும் இந்தப் பழக்கம் இல்லேன்னா பயனில்லை.

மிதப்பு. அலுமினியம் 80 நிறைஞ்சிருக்கும்போது முக்கால் கிலோ அளவுக்குக் கீழே இழுக்கும். காலியானா ஒன்றரையிலிருந்து ரெண்டு கிலோ மேலே தூக்கும். 100 பாருக்குக் கீழே போனதும் சிலிண்டரோட வால் பக்கம் எழும்பும். அப்ப வால் கொக்கியைப் பின்பக்கத்திலிருந்து கழட்டி இடுப்புப் பட்டையோட முன் வளையத்துக்கு மாத்தணும். கடைசியில ஜோடியா மூணு, மூன்றரை கிலோ தூக்குறதுக்கு ஈடா எடையை முதல்லயே போட்டுக்கணும். அதை முதுகுத்தண்டு வழியா வையுங்க, இடுப்புல குவிச்சா கால் தாழும்.

ஸ்டீல் 12 காலியானாலும் மிதக்காது, நிறைஞ்சிருந்தா ஒண்ணு மூணு கிலோவுக்கு மேல இழுக்கும். டிரைசூட்டுக்கு (தண்ணி உள்ளே புகாத சூட்) அது வரம். 3 மி.மீ. சூட்ல விங் (மிதக்க வைக்கிற காத்துப் பை) கிழிஞ்சா, கழட்டிப் போட எடையே இல்லாம அடியில நிப்பீங்க. உங்க கடலுக்கு அலுமினியம்தான்.

வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேளுங்க: இடது, வலதுன்னு எதிரெதிர் வால்வு இருக்கா? பல இடத்துல எல்லாமே வலதுக் கைப்பிடிதான். ரெண்டும் ஒரே பக்கம்னா ஒரு குமிழ் உள்ளே திரும்பி அக்குளுக்குள்ள போயிடும், அவசரத்துல கை எட்டாது. ரெகுலேட்டர் மாட்டுற இடம் டின் (திருகிப் பொருத்துறது) வகையா, யோக் (மேலே கவ்வி இறுக்குறது) வகையான்னும் கேளுங்க. நடுவுல திருகி எடுக்கிற செருகு இருந்தா டின் ரெகுலேட்டர் போட்டுக்கலாம். அடி ரப்பரைக் கழட்டிடுங்க. அதுக்குள்ள உப்புத்தண்ணி தங்கி அலுமினியத்தை அரிக்கும்.

உங்க உயரத்துக்கு கேம் பெல்ட்டை (சிலிண்டரைச் சுத்தி இறுக்குற பட்டை) சிலிண்டர் அடியிலிருந்து 20–25 செ.மீ.ல கட்டிப் பார்த்து, நீச்சல் குளத்துல ஏத்தி இறக்குங்க. வால்வு அக்குளுக்குக் கீழே நிக்கணும். தோளுக்கு மேல எட்டிப் பார்த்தா பெல்ட் ரொம்பக் கீழே இருக்குன்னு அர்த்தம்.

கோத்தகிரி_முக்குளிப்பான்

ரொம்ப நன்றிங்க. அப்ப வாடகை அலுமினியமே. டீகோவுக்கு எந்த அளவு? முடிச்சுட்டு அன்னிக்கே வீட்டுக்குக் கிளம்பலாமா?

குன்னூர்_டீகோ

அலுமினியம் 40, உள்ளே 5.7 லிட்டர். 200 பார்ல 1,140 லிட்டர். 50 சதவீத நைட்ராக்ஸ், 21 மீட்டர்ல மாத்துங்க (ஆக்சிஜன் அழுத்தம் 1.55 பார்). டீகோ 20 நிமிஷம், சராசரி 2 பார்னு வச்சா 720 லிட்டர். அதை ஒன்றரை மடங்காக்கினா 1,080. பொருந்துது. சிலிண்டர் கழுத்துல '21 மீ.' பெரிசா ஒட்டி, இடப்பக்கம் மாட்டுங்க. டீகோ 20 நிமிஷத்தைத் தாண்டினா இது பத்தாது, இன்னொரு 80 எடுங்க.

கொடைக்கானல்_ஆழம்

அன்னிக்கே கிளம்பாதீங்க. மலையேறுறதும் விமானம் ஏறுறதும் உடம்புக்கு ஒண்ணுதான். டைவிங்குக்குப் பின் பறக்குறதுக்கான டான் (முக்குளிப்பவர்களோட பாதுகாப்புக்கான DAN) அமைப்போட பரிந்துரை 600-லிருந்து 2,400 மீட்டர் வரைக்கும் உள்ள உயரத்துக்குப் போடப்பட்டது. கோத்தகிரி சுமார் 1,800, ஊட்டி 2,240, எங்க ஊரு 2,100-க்கு மேல. எல்லாமே அதுக்குள்ள வருது. தொட்டபெட்டா 2,637, அந்த வரம்பையே தாண்டுது.

டீகோ இல்லாத ஒரே டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுக்கு 18. டீகோ டைவுக்கு 18-ஐ விட கணிசமா அதிகம்னு சொல்லுது. 24-ன்னு வச்சுக்குங்க. சமவெளியில பஸ்ல போற நேரமும் அந்தக் கணக்குல சேரும். நேரம் முடியலேன்னா மேட்டுப்பாளையத்துலயே ராத்தங்குங்க. எங்க பக்கம் வர்றவங்களுக்கு அது வத்தலகுண்டு. மூட்டு வலி, மரத்துப்போறது இருந்தா ஏறவே கூடாது. சமவெளியிலயே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் கேளுங்க, டைவ் பண்ணினதை முதல் வார்த்தையாச் சொல்லுங்க.

கூடலூர்_வால்வு

என்னிக்காவது சொந்தமா வாங்கினா ஒரு விஷயம். கீழே 38 டிகிரியில 200 பார் இருந்தது, மேலே 10 டிகிரி குளிர்ல சுமார் 182 காட்டும். கசிவுன்னு நினைச்சு வால்வைப் பிரிச்சுடாதீங்க. வீட்டுல 10–20 பார் மட்டும் விட்டு நிக்க வச்சு வையுங்க. முழுசா காலியா விட்டா வால்வு வழியா மலை ஈரம் உள்ளே போகும், ஸ்டீல்னா உள்ளே துரு பிடிக்கும்.