புதுப்பிப்பு: கூட்டத்துக்குப் போய் வந்தேன்

குடியை நிறுத்தக் கேரளாவில் எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழில் ஏதாவது குழு உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் பொள்ளாச்சி போய் வந்தேன். மலையாளம் புரியும்தான், ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வருகிறது.

கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும். இந்த அமைப்பை 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கி வைத்தார்கள். என் முறை வந்தது. பெயரைச் சொன்னதும் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் டீ டம்ளரை என் கையில் வைத்து அழுத்தினார். அவர் விட்டு 11 வருஷமாம்.

நான் குடியை விட்டு இன்றோடு 23 நாள். ஒன்று சொல்லியே ஆகணும்: தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம், குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போகிறாள்.