விண்டர் சாலட், வீட்ல செஞ்ச டிரெஸ்ஸிங்: உங்க அனுபவத்த கொட்டுங்க

மிசிசாகா_மீனா
போன டிசம்பர், ஆபீஸ் பாட்லக், ஆளுக்கொரு ஐட்டம் செஞ்சு கொண்டு வரணும். எங்க டீம்ல ஒரே ஒருத்தர் வீகன், பால், சீஸ், தேன் கூட தொடமாட்டாரு, ஒவ்வொரு வாட்டியும் சிப்ஸும் கேரட்டும் தின்னுட்டு போவாரு, பாவமா இருக்கும், சரி இந்த தடவை அவருக்காகவே செய்வோம்னு கேல் கீரை, அவன்ல சுட்ட பட்டர்நட் ஸ்குவாஷ், கொண்டைக்கடலை, மாதுளை, வறுத்த பெக்கான்னு ஒரு பெரிய பேசின் நெறய சாலட். கடை டிரெஸ்ஸிங்ல தேனோ பாலோ இருந்து தொலைக்கும்னு அதையும் நானே கலக்குனேன், எலுமிச்சை, மேப்பிள் சிரப், டிஜான் மஸ்டர்ட், மிளகு. ஆலிவ் ஆயில் மட்டும் தீந்து போச்சு. கையில இருந்தது தேங்கா எண்ணெய். உருக்கி ஊத்துனேன், வாசனை அள்ளுச்சு, நானே நாலு ஸ்பூன் நக்கிட்டேன். கார் டிக்கில வச்சு எடுத்துட்டு போனேன், வெளிய மைனஸ் 14. மீதிய சொல்லணுமா?

மூடிய தொறந்தா இலை பூரா வெள்ள வெள்ளயா துருவல் மாதிரி ஒட்டிக் கெடக்கு. மெழுகு! ஆபீஸ் உள்ள 21 டிகிரிதான், உருகவும் இல்ல, கிளறக் கிளற இன்னும் உதிருது. அந்த வீகன் மனுஷன் வந்தாரு, கரண்டிய எடுத்தாரு, குனிஞ்சு பாத்தாரு, "ஓ, ஃபெட்டா"ன்னு மெதுவா சொல்லிட்டு கரண்டிய இருந்த எடத்துலயே வச்சுட்டு சிப்ஸ் பக்கம் போயிட்டாரு. எனக்கு வாயே வரல. இது சீஸ் இல்லங்க எண்ணெய்னு எப்படி சொல்றது? பக்கத்துல ஒருத்தி "சீஸ் சூப்பர்"னா, நான் தேங்க்யூ வேற சொன்னேன்.

டல்லாஸ்_குமார்
ஹாஹா. எனக்கும் ஒரு தடவை கேல் அப்படியே பச்சையா போட்டு வீட்ல ஒருத்தரும் மெல்ல முடியல, அவ்ளோதான் என் கதை. ஆனா மீனா மேடம், நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறையும், நம்ம ஊர்லயே மார்கழில பாட்டில வெயில்ல வைப்போமே. டிரெஸ்ஸிங்குக்கு 3 பங்கு எண்ணெய், 1 பங்கு புளிப்பு, இதுதான் ரூல், மஸ்டர்ட் கண்டிப்பா வேணும், அதுதான் ரெண்டையும் பிரியாம புடிச்சு வைக்கும். ஜாம் பாட்டில்ல போட்டு குலுக்குங்க, கரண்டியால கலக்காதீங்க. கேல நடு நரம்ப உருவிட்டு உப்பும் துளி எண்ணெயும் விட்டு ரெண்டு மூணு நிமிஷம் கையால பெசையணும், இலை கரும்பச்சையாகி பாதியா சுருங்கும், அப்பதான் பல்லுக்கு அடங்கும். இது லெட்யூஸ் மாதிரி சொதசொதன்னு ஆகாது, முந்துன நாள் ராத்திரியே டிரெஸ்ஸிங் போட்டு வைக்கலாம். இன்னொன்னு, பூண்ட எண்ணெய்ல ஊற வச்சு சமையல் மேடையில வாரக்கணக்கா வைக்கறாங்க பாருங்க, அது டேஞ்சர், போட்டுலிசம்னு உயிருக்கே ஆபத்தான ஃபுட் பாய்சனிங் வரலாம், ஃப்ரிட்ஜ்ல வச்சு சில நாள்ல முடிச்சுடணும்.

ஸ்காபரோ_தம்பி
கேல் எண்ட உடனே எனக்கு அப்பாதான் ஞாபகம் வருவார். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ஒரு விண்டர் முழுக்க எங்களோட நிண்டவர். தேங்காய்ப்பூ போட்ட கீரை வறை சாப்பிட்டுப் பழகின வாய், கேலை சின்னச் சின்னனா அரிஞ்சு தேசிக்காய்ப்புளி, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுக் குடுத்தன், "இது நல்ல இலை தம்பி" எண்டு ரெண்டு நேரமும் கோப்பை நிறையச் சாப்பிட்டார். அவர் ரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறவர். எனக்கு ஒண்டும் தெரியாது. ரெண்டு கிழமைக்குப் பிறகு ரத்தம் சோதிச்சா ஐஎன்ஆர், அதுதான் ரத்தம் உறைய எடுக்கிற நேரத்தின்ர கணக்கு, நல்லா இறங்கிப் போச்சு, டொக்டர் முதல் கேட்டதே சாப்பாட்டில என்ன மாத்தினீங்கள் எண்டுதான். கேலில வைட்டமின் கே கனக்க, மருந்துக்கு எதிரா வேலை செய்யுமாம். நிப்பாட்டச் சொல்லேல்ல, தினமும் ஒரே அளவில சாப்பிடட்டாம். அண்டையில இருந்து அப்பா தன்ர தேத்தண்ணிக் கப்பில கேலை அமத்தி அமத்தி அளந்து, விளிம்புக்கு மேல வாற இலையை விரலால தட்டிப்போட்டு, "புல்லுக்கு இவ்வளவு பவரோ" எண்டு பாத்துக்கொண்டு இருப்பார். அந்தக் கப் இப்பவும் எங்கட வீட்டிலதான் கிடக்குது.

ஸ்டுட்கார்ட்_செல்வி
3க்கு 1 எல்லாம் சட்டம் இல்லங்க குமார் சார். இங்க வினிகர் நெறய, கொஞ்சம் சர்க்கரையும் போடுவாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு. என் கதை ஃபெல்ட்சாலட். பனியிலயும் வளர்ற குட்டி இலை, சின்ன ரோஜா மாதிரி கொத்தா வரும். கீழ் வீட்டு ஜெர்மன் பாட்டிய சாப்பிடக் கூப்ட்டு, வேக வச்ச உருளைக்கிழங்கு, வால்நட், அதோட இது. கடுகு எண்ணெய் கலர்ல எதிர்பாத்து பூசணி விதை எண்ணெய் வாங்குனா மூடிய தொறந்ததும் கரும்பச்சை, கெட்டுப்போச்சோன்னு பாதி ஊத்திட்டு நிறுத்திட்டேன், அது வேற. பாட்டி மொதல் வாய் வச்சாங்க. *நற.* ரூம்ல அந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஒண்ணும் சொல்லாம முழுங்கிட்டாங்க. ரெண்டாவது வாய், திரும்பவும் நற. அப்பறம் முள்கரண்டிய வச்சுட்டு எந்திரிச்சு, என் கைய புடிச்சு சிங்க் கிட்ட கூட்டிட்டு போயி தண்ணி நெறய புடிச்சு மிச்ச இலைய அதுல முக்கி காட்டுனாங்க. தண்ணிய கவுக்கக் கூடாது, இலைய மேல அள்ளணும், மண்ணு கீழ தங்கும், மூணு வாட்டி. குழாய்ல காட்டுனா போதும்னு நெனச்சது என் தப்பு. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

சேலத்து_சாம்பார்
குமார் சார், ஆலிவ் ஆயிலும்தான் ஃப்ரிட்ஜ்ல உறையும், தேங்கா எண்ணெய்ய மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்க? உறைஞ்சாத்தான் அது ஒரிஜினல்.

டல்லாஸ்_குமார்
உறையறத வச்சு ஒரிஜினலா கலப்படமானு சொல்லவே முடியாது சார். அது வாட்ஸப் கதை.

மிசிசாகா_மீனா
அய்யோ நான் எண்ணெய்ய பத்தி கேக்கவே இல்ல. அடுத்த பாட்லக்ல சரியா செஞ்சு அவர்ட்ட உண்மைய சொல்லி சிரிச்சுடலாம்னு இருந்தேன். மார்ச்லயே வேற வேலைக்கு போயிட்டாரு.

டல்லாஸ்_குமார்
அடடா. சன்ஃப்ளவர் ஆயில் ட்ரை பண்ணுங்க மேடம், டிக்கில வச்சாலும் அவ்ளோ சீக்கிரம் உறையாது.