மறு: அட்வென்ச்சர் கேம் – ‘புதிர்ப்பயணம்’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

அட்வென்ச்சர் கேம் என்ற கணினி ஆட்ட வகைக்குத் தமிழில் ‘சாகச ஆட்டம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாகசம் என்றதும் தாவலும் சண்டையும்தான் மனதில் வருகின்றன. இந்த ஆட்டங்களில் நடப்பது வேறு.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் நாவல்களிலிருந்து பிறந்த ஆட்டங்களைப் பாருங்கள். 2004இல் வந்த ‘ரிட்டர்ன் டு மிஸ்டீரியஸ் ஐலண்ட்’ ஆட்டத்தில் மினா என்ற பெண் தனியாக ஒரு தீவில் கரை ஒதுங்குகிறாள். கிடைத்ததைப் பொறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத்தான் அவள் பிழைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ‘வாயேஜ்’, 1865இல் வெர்ன் எழுதிய நிலாப் பயணத்தைத் தழுவியது. பீரங்கிக் குண்டுக்குள் அமர்ந்து நிலாவுக்குப் போய், அங்கு வாழ்பவர்களின் குறியீடுகளுக்குப் பொருள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டிலும் கைவேகம் அவ்வளவாக உதவாது. போவது, பார்ப்பது, யோசிப்பது, திரும்பி வந்து மறுபடி முயல்வது, இவ்வளவுதான்.

ஆங்கிலப் பெயரும் இந்தத் தன்மையைப் பார்த்து வைத்ததல்ல. வில் குரோதர் என்ற நிரலாளர் குகை ஆய்விலும் ஈடுபட்டவர். 1970களின் நடுவில், தான் அறிந்த கென்டக்கி குகையை வைத்து எழுத்தாலேயே ஆன ஓர் ஆட்டத்தை எழுதினார். 1977இல் டான் உட்ஸ் அதை விரித்தார். அந்த ஓர் ஆட்டத்துக்கு ‘அட்வென்ச்சர்’ என்று பெயர். அதைப் போல வந்தவற்றுக்கெல்லாம் அதுவே இனப்பெயராகிவிட்டது. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

‘தேடல் ஆட்டம்’ என்றால், படத்தில் ஒளிந்த பொருளைக் கண்டுபிடிக்கும் வகையோடு குழம்பும். துருவித் தேடுவதை வைத்துச் சொல்லும் ‘துருவாட்டம்’ எனக்குப் பிடித்திருந்தது; ஆனால் உரக்கச் சொன்னால் துருவம்தான் நினைவுக்கு வருகிறது. ‘புதிர்வழி’ என்றால் புதிர்ப்பாதைக்கு (மேஸ்) மிக அருகில் போய்விடும்.

அதனால்தான் ‘புதிர்ப்பயணம்’ என்கிறேன். சொன்னவுடன் புரிகிறது. ‘ஆட்டம்’ என்ற ஒட்டு இல்லாமலே நிற்கும். ஆடுபவரைப் ‘புதிர்ப்பயணி’ எனலாம். ஒரே வீட்டுக்குள் நடக்கும் துப்பறியும் ஆட்டத்துக்குப் பயணம் என்ற சொல் சற்றுப் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கேயும் ஓர் அறையின் புதிர் அவிழ்ந்தால்தான் அடுத்த அறை திறக்கும்.

ஆட்டத்தில் சேர்த்த பொருள்களைக் காட்டும் இன்வென்டரிக்கு ‘இருப்பு’ வேண்டாம், அது கிடங்குக் கணக்கு. வழியில் எடுத்துக் கையில் வைத்திருப்பவைதானே? ‘கைப்பொருள்’ போதும்.

அப்புறம், வாக்த்ரூ, அதாவது ஓர் ஆட்டத்தை முடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்லும் குறிப்பு. இதற்கு ‘செயல்விளக்கம்’, ‘வழிகாட்டி’ என்றெல்லாம் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: முன்னே போய்ப் பரிசில் பெற்ற பாணன், எதிரே வரும் பாணனிடம் எந்த வழியே போகலாம், இடையில் என்னென்ன வரும், போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்வதற்குச் சங்க காலத்திலேயே நம்மிடம் பெயர் இருக்கிறது. ஆற்றுப்படை! ஆடி முடித்தவர் ஆடத் தொடங்குபவருக்கு எழுதுவதும் அதுதானே? ‘வாயேஜ் ஆட்டத்துக்கு யாராவது ஆற்றுப்படை எழுதியிருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

‘புதிர்ப்பயணம்’ இடறும் இடம் ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.