ஒரே கணக்கு ஃபைல் நாலு காப்பியா நிக்குது, எதை வச்சுக்கிறது?

சி_பிளாக்_செக்ரட்டரி:
வணக்கம் நண்பர்களே. எங்க அபார்ட்மெண்ட்ல 48 வீடு, மெயின்டெனன்ஸ் கணக்கு நான்தான் பாக்குறேன். எக்செல் ஃபைலை க்ளவுட் ஃபோல்டர்ல போட்டு வீட்டு டெஸ்க்டாப், ஆபீஸ் லேப்டாப், போன் மூணுலயும் திறந்து எழுதுவேன். இப்ப பாத்தா நாலு ஃபைல் நிக்குது. ஒண்ணு எப்பவும் போல, ஒண்ணுக்குப் பின்னாடி (1), மீதி ரெண்டுல "கான்ஃப்ளிக்டட் காப்பி"ன்னு தேதியோட இருக்கு. கடைசியா சேவ் ஆனதை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடலாம்னு இருந்தேன், நல்லவேளை திறந்து பாத்தேன், புதுசுல லிஃப்ட் சர்வீஸ் 4,800 இருக்கு ஆனா தண்ணி லாரி மூணு லோடு இல்ல, பழசுல லாரி இருக்கு லிஃப்ட் இல்ல. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல கணக்கு காட்டணும், அடுத்தவங்க காசு, பயமா இருக்கு.

சேலம்_அட்மின்:
சார் முதல்ல எதையும் அழிக்காதீங்க, நாலையும் தனி ஃபோல்டர்ல காப்பி பண்ணி வைங்க. கான்ஃப்ளிக்ட் காப்பி குப்பை இல்ல. லேப்டாப்ல நெட் இல்லாதப்ப எழுதியிருப்பீங்க, அதுக்குள்ள டெஸ்க்டாப்ல எழுதினது மேல ஏறியிருக்கும், அப்புறம் லேப்டாப் நெட்டுக்கு வந்ததும் எது சரின்னு சர்வருக்குத் தெரியாது, எக்செல்லுக்குள்ள போய் வரி வரியா சேர்க்கவும் அதால முடியாது, அதான் ரெண்டையும் வச்சிடுது. டிராப்பாக்ஸ் கான்ஃப்ளிக்டட் காப்பின்னு போடும், ஒன்டிரைவ் கம்ப்யூட்டர் பேரை ஒட்டும். (1) வேற, அது பெரும்பாலும் அதே ஃபைலை திரும்ப டவுன்லோட் பண்ணும்போது வர்றது.

கணக்குக்காரி:
தேதியை நம்பாதீங்க சார். சும்மா திறந்து சேவ் கொடுத்தாலே தேதி மாறிடும், உள்ள ஒரு வரி கூட ஏறியிருக்காது. நாலு ஷீட்டையும் ஒரே ஒர்க்புக்ல தனித்தனி டேபா கொண்டு வந்து, ரசீது நம்பர் இருக்கிற காலம்னுக்கு கவுண்ட்இஃப் போடுங்க (அந்த நம்பர் மெயின் ஷீட்ல எத்தனை தடவை இருக்குன்னு எண்ணிச் சொல்ற ஃபார்முலா), 0 வர்ற வரி எல்லாம் மெயின் ஷீட்ல இல்லாதது, அதை மட்டும் எடுத்து ஒட்டுங்க. ரசீது நம்பர் இல்லாத செலவை பில்லை கையில வச்சுதான் பாக்கணும், வேற வழியில்ல. ஒரே வரி ரெண்டுலயும் இருந்து தொகை மட்டும் வேற வேறயா இருந்தா கவுண்ட்இஃப் காட்டாது, அதனால கடைசியா பேங்க் பேலன்ஸோட டேலி ஆகுதான்னு பாத்துடுங்க.

சேலம்_அட்மின்:
கணக்குக்காரி மேடம் சொன்னதுதான் சரி. இனிமே கூகுள் ஷீட்டா மாத்திக்கோங்க சார், மூணு மெஷின்லயும் ஒரே ஃபைல்தான் திறக்கும். எக்செல்லாவே கூகுள் டிரைவ்ல வைக்கிறதா இருந்தா பழைய வெர்ஷன் 30 நாள் இல்லன்னா 100 வெர்ஷன் வரைக்கும்தான் நிக்கும், அதனால மார்ச் 31 கணக்குக்கு "கீப் ஃபார்எவர்" கொடுத்துடுங்க. லேப்டாப்பை மூடுறதுக்கு முன்னாடி எழுதினது க்ளவுடுக்கு ஏறி சிங்க் முடிஞ்சுதான்னு ஐகானைப் பாருங்க.

சி_பிளாக்_செக்ரட்டரி:
ராத்திரி உக்காந்து முடிச்சுட்டேன். மொத்தம் 11 வரி விட்டுப்போயிருந்துச்சு. அதுல ஒம்பது கான்ஃப்ளிக்ட் காப்பிங்கள்ல, மீதி ரெண்டு அந்த (1)ல. வாட்ஸப்ல எனக்கே அனுப்பி வச்ச ஃபைலை போன்ல திறந்து ரெண்டு வீட்டு 2,500 ரசீதை அதுலயே ஏத்தியிருக்கேன், அது க்ளவுடுக்குப் போகவே இல்ல. அந்த ரெண்டு வீட்டுக்கும் பாக்கின்னு லிஸ்ட்ல போட்டு வச்சிருந்தேன். இப்ப பேங்கோட டேலி ஆகுது, பழைய நாலையும் ஜிப் பண்ணி பென்டிரைவ்ல போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.