ஜோனல் மேனேஜர் திடீர்னு "ஏன் ப்ரமோஷன் எழுதல"ன்னு கேட்டா என்ன சொல்றது? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

நான் ஒரு அரசு வங்கில கிளார்க். போன வருஷம் எங்க ஜோனல் மேனேஜர் பிராஞ்ச் விசிட் வந்தாரு. வழக்கமா மேனேஜர் கேபின்ல உக்காந்து டெபாசிட், ரெக்கவரின்னு பேசிட்டு ஒரு காபி குடிச்சிட்டு கெளம்பிடுவாரு. அன்னைக்கு நேரா என் கவுண்டருக்கு வந்து, கஸ்டமர் எதுக்க நிக்கறாங்க, பின்னாடி எங்க மேனேஜர் நிக்கறாரு, "ஏம்மா, ஜேஏஐஐபி முடிச்சாச்சா? முடிச்சிட்டு ஏன் இன்னும் ஆபீசர் ப்ரமோஷனுக்கு எழுதல?"ன்னு கேட்டுட்டாரு. (ஜேஏஐஐபின்னா பேங்க்ல வேலை பாக்கறவங்க எழுதற ஒரு பரீட்சை.)

பேங்க்ல இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வியோட கனம் தெரியும். ஆபீசர் ஆனா ட்ரான்ஸ்ஃபர், அதுவும் எந்த ஊர்னு கைல இல்ல. பன்னண்டாவது பைபார்டைட் செட்டில்மென்ட் (பேங்க் நிர்வாகமும் யூனியனும் போட்ட சம்பள ஒப்பந்தம்) படி கிளார்க் ஆரம்ப பேசிக் சம்பளம் மாசம் 24,050, ஆபீசருக்கு 48,480ன்னு பாக்கும்போது பெரிய வித்தியாசமா தெரியும், ஆனா இன்க்ரிமென்ட் ஏறி ஏறி சீனியரா இருக்கற கிளார்க்குக்கு அந்த இடைவெளி அவ்ளோ இருக்காது, அதுல வெளியூர்ல தனி வீடு வாடகை வேற. அதனாலதான் நம்மள்ல முக்கால்வாசி பேர், குறிப்பா பொம்பளைங்க, "ஃபேமிலி இருக்கு சார்"னு சிரிச்சிட்டு முடிச்சிடறோம். அந்த ஒரு வரிய அவங்க "இந்தம்மாவுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு எடுத்துக்குவாங்க, அதுக்கப்புறம் நம்ம பேரு எங்கயுமே வராது. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, நல்லா வேலை தெரிஞ்ச எத்தனையோ அக்காங்க இப்படியே ரிட்டயர் ஆயிட்டாங்க.

நான் சொன்னது இதான். "சார், ஆசை இருக்கு. பொண்ணு பத்தாவது படிக்கறா, அவ பரீட்சை முடியற வரைக்கும் ஊர விட்டு நகர முடியாது. அதுக்கடுத்து வர்ற ப்ரமோஷன் ப்ராசஸ்ல கண்டிப்பா எழுதறேன். அதுவரைக்கும் நான் என்ன தயார் பண்ணிக்கணும்னு நீங்க சொல்லுங்க." அவ்ளோதான். ஆசைய ஒரு பக்கம், தடைய ஒரு பக்கம் வெச்சு, தடை எப்ப முடியும்னு ஒரு தேதியும் சொல்லிட்டேன்.

அவரு அங்கயே நின்னு ரெண்டு விஷயம் சொன்னாரு. ஜேஏஐஐபிக்கு அடுத்த பரீட்சையான சிஏஐஐபி முடிங்க, அப்புறம் கவுண்டர்லயே உக்காந்திருந்தா இன்டர்வியூல கிரெடிட் கேள்வி வரும்போது திணறுவீங்க, லோன் பக்கம் பழகுங்கன்னாரு. அன்னைக்கு சாயங்காலமே எங்க மேனேஜர்கிட்ட போய் நடந்தத அப்படியே சொன்னேன், ஏன்னா அவரு முகம் மாறி இருந்துச்சு, தன்னப் பத்தி ஏதோ சொல்லிட்டேன்னு நெனச்சிருப்பாரு போல. பேசுனதும் சரியாயிட்டாரு. இப்ப கூட்டம் கம்மியா இருக்கற நாள்ல மத்தியானத்துக்கு மேல லோன் டெஸ்க், நகைக்கடன்ல ஆரம்பிச்சு இப்ப முத்ரா அப்ளிகேஷன் வரைக்கும் நானே பாக்கறேன். சிஏஐஐபில நாலு கட்டாய பேப்பர், ஒரு எலெக்டிவ், படிச்சிட்டு இருக்கேன்.

---

வணக்கமுங்க அக்கா, நான் கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனில அசெம்ப்ளி லைன், டிப்ளமோ மெக்கானிக்கல். எங்க எம்.டி. ஷாப் ஃப்ளோர் ரவுண்ட் வந்தப்ப "தம்பி, அடுத்து என்ன ஆகணும்னு இருக்கே?"ன்னு கேட்டாருங்க. க்வாலிட்டிக்குப் போகணுமுங்க சார்னேன். ஏன்னு கேட்டாரு. காஸ்டிங்ல ப்ளோ ஹோல் (வார்ப்புல காத்து அடைச்சு விழுற ஓட்டை) இருக்கறது கடைசியா லீக் டெஸ்ட்லதான் தெரியுது, அதுக்குள்ள அம்புட்டு வேலையும் அதுமேல செஞ்சு முடிச்சர்றோம், முன்னாடியே புடிச்சா எவ்ளோ மிச்சமாகும்னு மனசுல இருந்தத சொல்லிப்போட்டேன். பார்ட் டைம் பி.இ. சேர்றியான்னாரு. இங்க ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் மாதிரி இன்ஜினியரிங் காலேஜ்ல எல்லாம் வேலைக்குப் போறவங்களுக்கு சாயங்கால கிளாஸ் நடந்துட்டு வந்துதுங்களே, எனக்கும் ரொம்ப நாள் ஆசைதான். "ஷிப்ட் மாறாம இருந்தா சேர்ந்தர்றேன் சார்"னு அங்கயே சொன்னேன். செகண்ட் ஷிப்ட்ல இருந்து என்னைய எடுத்துட்டாங்க. நம்ம வேலைல நமக்கு உறுத்தற ஒரு விஷயத்த சொன்னா அவங்க நின்னு கேக்கறாங்க, ப்ரமோஷன் வேணும்னு மட்டும் சொல்லியிருந்தா தட்டிக்குடுத்துட்டு போயிருப்பாரு.

---

எனக்கு நடந்தது வேற மாதிரி. சென்னைல ஐடி. ஸ்கிப் லெவல் மீட்டிங்ல (நம்ம மேனேஜருக்கும் மேல இருக்கறவரோட நேரா பேசறது) விபி, அதாவது வைஸ் பிரசிடென்ட், "மேனேஜர் ஆக ரெடியா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், நான் டெக்னிக்கல் பக்கமே ஆர்கிடெக்ட் ஆகணும்னு ஆசைப்படறேன்னு சொன்னேன், அது உண்மை. அடுத்த ஃபீட்பேக்ல "பொறுப்பு எடுத்துக்கத் தயங்கறாங்க"ன்னு எழுதி இருந்துச்சு. ரெண்டு ப்ராஜெக்ட்டோட டிசைன் முழுக்க நான் பண்ணது, எப்படி இருக்கும் சொல்லுங்க. அடுத்த அப்ரைசலுக்கு முன்னாடி அவருக்கு மெயில் போடலாம்னு இருக்கேன், மேனேஜர சிசில வெக்கறதா வேணாமா?

---

மேனேஜர கண்டிப்பா சிசில வெய்ங்கம்மா. அவருக்குத் தெரியாம மேல மெயில் போனா அது வேற பிரச்சனை ஆயிடும். முன்னாடி நாளே அவர்கிட்ட வாயால சொல்லிடுங்க. மெயில்ல அந்த ஃபீட்பேக்க பத்தி சண்டை எதுவும் வேணாம். அந்த ரெண்டு டிசைன்லயும் எந்த முடிவெல்லாம் நீங்க எடுத்தீங்க, எத்தன பேரு உங்க டிசைன வெச்சு வேலை பாத்தாங்கன்னு நாலு வரி, ஆர்கிடெக்ட் ரோலுக்கு இன்னும் என்ன எதிர்பாக்கறீங்கன்னு ஒரு கேள்வி, அது போதும். பதில் என்ன வந்துச்சுன்னு இங்க வந்து எழுதுங்க.